வளையம் கைக்கு வராமல் வண்டி நகராது

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் ஆவணி மாத மாலையில், கொக்குவில் புகையிரத நிலையத்தை அண்டிய கடவையில் எங்கள் முச்சக்கர வண்டி நின்றது. மணி ஒலித்தது. சிவப்பு விளக்குகள் மாறிமாறி மின்னின. தடைக்கோல்கள் இரண்டும் தாழ்ந்தன. எனக்குப் பக்கத்தில் தங்கையின் மகன் அமர்ந்திருந்தான். ஜேர்மனியில் கார் தொழிற்சாலையொன்றில் றோபோக்களைப் பராமரிப்பது அவனுடைய தொழில். விடுமுறைக்கு வந்திருந்தான். தடைக்கோலையும் தூரத்துச் சமிக்ஞை விளக்கையும் மாறிமாறிப் பார்த்தவன், "மாமா, இந்தக் கடவையும் எங்கட றோபோவும் ஒரே புத்தியிலைதான் ஓடுது" என்றான்.

அவன் வேடிக்கையாகச் சொல்கிறான் என்றே முதலில் எண்ணினேன். வீடு வந்து சேர்ந்த பின் அவன் தாள் ஒன்றில் படம் வரைந்து விளக்கியபோது, அந்தப் புத்தி எனக்குப் புதியதல்ல என்பதை உணர்ந்தேன். இளம் நிருபராக இருந்த காலத்தில் ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவரிடம் ஏறத்தாழ இதே பாடத்தை நான் கேட்டிருக்கிறேன். அவர் படம் வரையவில்லை. மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் இரண்டை நிலையங்களாக்கி, நடுவில் ஒரு தீப்பெட்டியை வண்டியாக்கிச் சொன்னார். இந்த இரண்டு பாடங்களையும் ஒருமித்து எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே தோன்றியது.

மருமகன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். தொழிற்சாலை றோபோ என்பது சினிமாவில் வரும் நடமாடும் பொம்மையன்று. அது தரையில் பூட்டப்பட்ட ஓர் இரும்புக் கை. எங்கே நீள வேண்டும், எவ்வளவு திரும்ப வேண்டும் என்பவை அதற்கு முன்கூட்டியே கற்பிக்கப்பட்டுள்ளன. எப்போது நீள வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. தகட்டுத் துண்டு தன் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டதா, பிடிகள் இறுகிவிட்டனவா, வேலிக் கதவு மூடியிருக்கிறதா என்பவற்றை ஒவ்வொரு கம்பியின் வழியாக ஒவ்வொரு சமிக்ஞை அதற்குத் தெரிவிக்கிறது. பெரும்பாலும் 24 வோல்ற்று மின்னழுத்தந்தான். அது இருந்தால் 'ஆம்', இல்லையேல் 'இல்லை'. இவை உள்வரும் சமிக்ஞைகள். 'பிடியை இறுக்கு', 'என் வேலை முடிந்தது, அடுத்ததைக் கொண்டு வா' என்று றோபோ பிறருக்குச் சொல்பவை வெளிச்செல்லும் சமிக்ஞைகள்.

இதில் முக்கியமானது, கட்டளை போனால் காரியம் ஆயிற்று என்று றோபோ எண்ணிவிடக் கூடாது என்பதுதான். 'பிடியை இறுக்கு' என்ற சமிக்ஞை வெளியே போகிறது. பிடி உண்மையிலேயே இறுகியதா என்பதைப் பிடியிலேயே பொருத்திய உணரி பார்த்து, 'இறுகிவிட்டது' என்று உள்ளே திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதில் வரும்வரை இரும்புக் கை அசையாது. எவ்வளவு நேரமானாலும் நிற்கும். பொறுமையிழந்த தொழிலாளி உணரியைக் கம்பியால் கட்டி ஏமாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்பதான் மாமா ஆக்கள் சாகிறது" என்றான்.

இனி நிலைய அதிபரின் தீப்பெட்டிக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதல் புகையிரதம் கொழும்பிலிருந்து வரவில்லை என்பது இன்றைய இளையவர்கள் பலருக்கு வியப்பாக இருக்கலாம். வட பாதையின் இங்குள்ள துண்டுதான் முதலில் திறக்கப்பட்டது. 1902 மார்ச் 11 ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான 21 மைல் பாதை திறந்துவைக்கப்பட்டது. தெற்கே பொல்காவலையிலிருந்து குருநாகல்வரை 1894 இலேயே போடப்பட்டிருந்த பாதை வன்னிக் காடுகளைக் கடந்து வந்து இதனோடு பொருந்த மேலும் மூன்று வருடங்கள் சென்றன. 1905 ஓகஸ்டில் கொழும்பு வண்டி யாழ்ப்பாணம் வந்தது. எங்கள் பாட்டன்மார் அதனைக் 'கோச்சி' என்றார்கள்.

அது ஒற்றைப் பாதை. வடக்கே போகும் வண்டிக்கும் தெற்கே போகும் வண்டிக்கும் ஒரே சோடித் தண்டவாளங்கள். எதிரெதிரே வருபவை நிலையங்களில் மட்டுமே விலகிக்கொள்ளலாம். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி விதியை மீறாமல் காப்பதற்குத்தான் அந்தக் காலத்தின் அத்தனை பித்தளைக் கருவிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. விதியை வாயால் சொல்வது எளிது. தூக்கக் கலக்கத்திலும் மழையிலும், இரவு இரண்டு மணிக்கும் மனிதர்கள் அதனை மீறாதிருக்கச் செய்வது எளிதன்று.

இங்கிலாந்தில் அந்தப் பாடம் விலைகொடுத்துக் கற்கப்பட்டது. 1874 செப்டெம்பர் 10 ஆம் திகதி இரவு, நொரிச் நகருக்கு அருகில் தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். தந்தி முறை அப்போது நடைமுறையில் இருந்தது. எதிர்நிலையத்தில் நிற்கும் தபால் வண்டியை அனுப்பலாம் என்ற செய்தியை அதிகாரி ஒருவர் தந்தி எழுதுநரிடம் தயாரிக்கச் சொன்னார். அதிகாரியின் கையொப்பம் இல்லாமல் செய்தி போகக் கூடாது என்பது விதி. கையொப்பமிடப்படாத அந்தச் செய்தியை எழுதுநர் அனுப்பிவிட்டார். மறுபுறத்தில் அதே அதிகாரி, செய்தி போகவில்லை என்ற நம்பிக்கையில் தன் பக்கத்து விரைவு வண்டியைப் புறப்படவிட்டார். தவறு தெரிந்து அவர்கள் தந்தியடித்தபோது தபால் வண்டி போய்விட்டது. இரண்டு வண்டிகளும் பாதையில் வந்துகொண்டிருக்கின்றன என்பதை அறிந்திருந்தும் நிறுத்துவதற்கு எந்த வழியும் இருக்கவில்லை.

கையொப்பமில்லாத தாள் என்னவெல்லாம் செய்யும் என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், பக்கத்தின் இறுதிப் படியில் இரவு ஆசிரியரின் சுருக்கொப்பம் விழாமல் அச்சுப்பொறி ஓடக் கூடாது என்பது நாங்கள் வேலைபார்த்த இடத்திலும் விதியாக இருந்தது. ஓரிரவு நேரம் பிந்திவிட்டது. ஓய்வுபெறும் ஆசிரியர் ஒருவருக்கான பாராட்டு விளம்பரத்தின் படப் புளொக்கும், அதே பக்கத்தில் வந்த மரண அறிவித்தலொன்றின் புளொக்கும் இடம் மாறிக் கிடந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஆசிரியர் பார்த்துவிட்டார் என்று நினைத்து, ஒப்பமில்லாத பக்கத்தைக் கீழே அனுப்பியவன் நான். மறுநாட் காலை அந்த ஆசிரியர் தானே சைக்கிளில் வந்தார். சத்தம் போடவில்லை. பேப்பரைப் பார்த்துத் தன் மனைவி மயங்கி விழுந்ததை மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

தோர்ப் விபத்துக்குப் பின்னர் எட்வேர்ட் ரையர் என்னும் ஆங்கிலேயர் 1878 இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எங்களூர்ப் புகையிரதக்காரர் 'ரப்லெற்' என்று சொன்ன முறை இதுதான். இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் நிலைபெற்ற முறையும் இதுவே. பாதைத் துண்டின் இரண்டு முனைகளிலும் உள்ள நிலையங்களில் இரும்புப் பெட்டி போன்ற இரண்டு கருவிகள் இருக்கும். அவற்றை மின்கம்பி இணைக்கும். ஒவ்வொன்றினுள்ளும் உலோக வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். இரு பெட்டிகளிலும் உள்ள வில்லைகளுள் ஏதாவது ஒன்று வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அந்த வில்லை ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பவும் போடப்படும்வரை மற்றொன்றை எவராலும் எந்த முனையிலும் எடுக்க முடியாது. பூட்டு மனிதனின் மனத்தில் இல்லை, மின்காந்தத்தில் இருக்கிறது. வில்லை கையில் இல்லாத சாரதி நிலையத்தை விட்டு நகரக் கூடாது. வில்லை ஒன்றுதான் வெளியே இருக்கிறது. ஆகவே வண்டியும் ஒன்றுதான் இருக்கும்.

வில்லையை எடுப்பதற்கும் ஒரு சடங்கு இருந்தது. நிலைய அதிபர் அதனைத் தேநீர்க் கோப்பையில் கரண்டியால் தட்டிக் காட்டினார். "முதல்லை ஒரு அடி, தம்பி. 'இருக்கிறியோ' எண்டு கேக்கிறது. அவன் அதே ஒரு அடியைத் திருப்பி அடிக்கோணும். அடிக்காட்டில் நான் ஒண்டும் செய்யேலாது, சும்மா இருக்கோணும்." பதில் வந்த பிறகு, எத்தகைய வண்டிக்குப் பாதை வேண்டும் என்பதை மணியின் அடிகள் தெரிவிக்கும். மறுமுனையில் இருப்பவர் அதே அடிகளைத் திருப்பி அடித்து, தான் சரியாகக் கேட்டதை உறுதிசெய்வார். பின்னர் தன் கருவியின் குமிழை அழுத்திப் பிடிப்பார். அந்த மின்னோட்டம் வந்து சேர்ந்தால்தான் இங்குள்ள பூட்டு திறக்கும். அனுமதி கேட்பவரால் தனக்குத் தானே அனுமதி வழங்கிக்கொள்ள முடியாது. மருமகனின் தாளில் இருந்த அம்புக்குறிகள் எல்லாம் இந்தக் கரண்டித் தட்டலில் இருந்தன.

எடுத்த வில்லையைத் தோற்பையொன்றில் வைத்து, பெரிய வளையத்தில் கோத்து, சாரதியிடம் கொடுப்பார்கள். நிற்காத வண்டியென்றால், மேடையில் நிற்பவர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டித் தோளில் கொளுவிக்கொள்வார். முன்னைய துண்டின் வளையம் அதே கணத்தில் மேடையில் வந்து விழும். சாவகச்சேரியில் சிறுவனாக நின்று இதனை வாய்பிளந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். அது வித்தையென்று நினைத்தேன். அது ஆவணம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

யாழ்தேவி 1956 ஏப்ரல் 23 ஆம் திகதி ஓடத் தொடங்கியது. அதே வருடம் ஜூன் மாதத்தில் தனிச்சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பின்வந்த வருடங்களில் அரச அலுவலகங்களில் மொழி எவ்வளவு காயங்களை உண்டாக்கிற்று என்பதை இந்த வலைப்பதிவில் வேறு சந்தர்ப்பங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் ரப்லெற் கருவியின் மணிக்கு மொழி இல்லை. இந்த முனையில் தமிழரும் மறுமுனையில் சிங்களவரும் இருந்த இரவுகளில், ஒருவருடைய அடியை மற்றவர் அப்படியே திருப்பி அடித்தார். நிலைய அதிபர் வேடிக்கையாகச் சொன்னார்: "அவன்ரை முகம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா அவன்ரை அடி தெரியும். ஆள் மாறினாலும் பிடிச்சிடுவன்."

இந்தக் கருவி பிழையே விடாதது என்று எண்ணிவிட வேண்டாம். 1921 ஜனவரி 26 ஆம் திகதி வேல்ஸ் நாட்டில் அபர்மூல் என்ற சிறிய நிலையத்தில் நடந்ததை அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். பின்னர் நூல்களில் வாசித்தேன். நிலையத்துக்கு வந்த மெதுவண்டியின் சாரதி, தான் கடந்துவந்த துண்டின் வில்லையைப் பையோடு ஒரு பையனிடம் கொடுத்தார். அது கைமாறி நிலையத்தின் பதில் அதிபரிடம் போயிற்று. அவர் அதனை அடுத்த துண்டுக்குரிய புதிய வில்லை என்று எண்ணி, பையைத் திறந்து பாராமலேயே அதே சாரதியிடம் திருப்பிக் கொடுத்தார். சாரதியும் திறந்து பார்க்கவில்லை. அடுத்த துண்டின் உண்மையான வில்லை எதிரே வந்த விரைவு வண்டியிடம் இருந்தது. 17 பேர் இறந்தனர். அந்தப் புகையிரதக் கம்பனியின் பணிப்பாளர் ஒருவரும் அவர்களுள் அடக்கம். கருவி தன் கடமையைச் செய்தது. வில்லையில் நிலையங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனை வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கவில்லை.

எங்கள் நிலைய அதிபர் இதற்காகவே, வளையத்தைக் கொடுக்கும்போது துண்டின் பெயரை உரக்கச் சொல்வாராம். சாரதி அதனைத் திருப்பிச் சொன்னால்தான் கையை விடுவாராம்.

சமிக்ஞை வரவில்லையென்றால் அதன் பொருள் 'நில்' என்பதுதான். இந்த அடிப்படையும் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. பழைய ஆங்கிலப் பாதைகளில் கைகாட்டி சாதாரணமாகப் 'போ' என்றே இருக்கும். ஆபத்து உண்டானால் மட்டும் 'நில்' என்று மாற்றுவார்கள். 1876 ஜனவரி 21 ஆம் திகதி அபொட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் பனி உறைந்து கைகாட்டிகள் 'போ' நிலையிலேயே சிக்கிக்கொண்டன. சமிக்ஞைக்காரர் நெம்புகோலை இழுத்தார். கை அசைந்ததாக நம்பினார். வண்டிகள் மோதின. அதன் பின்னரே 'நில்' என்பது கைகாட்டியின் இயல்பு நிலையாயிற்று. கம்பி அறுந்தாலும் பாரம் இழுத்துக் கையை 'நில்' நிலைக்கு கொண்டுவரும்படி அமைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பனி விழுவதில்லை. ஆனாலும் எங்கள் கைகாட்டிகளும் அந்தப் பனியின் பாடத்தைத் தாங்கித்தான் நின்றன.

அமெரிக்காவில் 1872 இல் வில்லியம் றொபின்சன் என்பவர் தண்டவாளத்திலேயே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, அது ஓடும்வரை மட்டும் 'பாதை வெறுமை' என்று காட்டும் முறையை அமைத்தார். வண்டி வந்தால் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிடும், விளக்கு சிவப்பாகும். தண்டவாளம் முறிந்தாலும் சிவப்பு. மின்கலம் தீர்ந்தாலும் சிவப்பு. ஜேர்மன் தொழிற்சாலையின் வேலிக் கதவிலும் இதே சூத்திரந்தான் என்கிறான் மருமகன். கதவு மூடியிருக்கும்போது மின்னோட்டம் ஓடுகிறது. எலி கம்பியைக் கடித்தாலும் றோபோ நின்றுவிடும்.

இவ்விரண்டு உலகங்களுக்கும் இடையில் உறவு வெறும் ஒப்புமையன்று; வம்சவழி உறவு. 1856 இல் ஜோன் சக்ஸ்பி, பாதையைத் திருப்பும் நெம்புகோலும் கைகாட்டியின் நெம்புகோலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பாதை சரியாகத் திரும்பாமல் கைகாட்டியை இறக்க முடியாது. இப்பூட்டுகள் பின்னர் இரும்பிலிருந்து மின்தொடுப்பிகளுக்கு மாறின. தொடுப்பிகளின் சுற்றுகளைக் கணிதத்தின் 'ஆம் – இல்லை' தர்க்கமாக எழுதலாம் என்பதை 1937 இல் குளோட் சனன் என்ற அமெரிக்க மாணவர் தன் ஆய்வேட்டில் காட்டினார். ஜோர்ஜ் டெவோல் 1954 இல் விண்ணப்பித்த காப்புரிமையிலிருந்து பிறந்த 'யூனிமேற்' என்ற முதல் தொழிற்சாலை றோபோ, 1961 இல் நியூ ஜேர்சியில் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலையொன்றில் பணிக்கு வந்தது. அச்சில் வார்க்கப்பட்ட சூடான உலோகத் துண்டுகளை எடுப்பது அதன் வேலை. 1960களின் இறுதியில் டிக் மோர்லி குழுவினர், அறை நிறைந்த தொடுப்பிகளுக்குப் பதிலாக ஒரே பெட்டியில் அடங்கும் நிரல் கட்டுப்படுத்தியை உருவாக்கினர். இன்றைய றோபோக்களின் உள்வரும், வெளிச்செல்லும் சமிக்ஞைகளை ஒழுங்குபடுத்துவது அதன் வாரிசுகள்தாம். 'ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளல்' என்னும் பழைய புகையிரதச் சொல்லை மருமகனின் தொழிற்சாலையில் இன்றும் பேசுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கதை இங்கே அறுந்துபோகிறது. 1985 ஜனவரி 19 ஆம் திகதி யாழ்தேவி முறிகண்டிக்கு அருகில் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூன் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து கடைசி வண்டி புறப்பட்டுச் சென்றது. அதன் பின் நடந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. மின்சாரமே இல்லாத ஊரில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்குச் செப்புக் கம்பியின் ஒவ்வொரு முழமும் பெறுமதியானது. நிலையங்கள் சுவர்களாக எஞ்சின. 88 வருடங்களாக மனிதரும் பித்தளையும் சேர்ந்து காத்த ஒழுங்கு ஒன்று, அடையாளம் தெரியாத சாமான்களாகப் பிரிந்து போயிற்று. குண்டு விழும் ஊரில் எவரும் அதற்காக அழவில்லை. அழுவதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

போர் முடிந்த பின் இந்தியக் கடனுதவியுடன் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையை மீளமைத்தது. 2013 செப்டெம்பர் 14 இல் கிளிநொச்சி, 2014 மார்ச் 4 இல் பளை, 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறை என்று வண்டி படிப்படியாக வந்து சேர்ந்தது. ஆனால் வளையம் திரும்பி வரவில்லை. அநுராதபுரத்துக்கு வடக்கே மின்னணுச் சமிக்ஞை முறை அமைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மகவ – அநுராதபுரம் பகுதிக்கும் நவீன சமிக்ஞை அமைக்கும் பணி தொடக்கிவைக்கப்பட்டது. வண்டிக்கும் வண்டிக்கும் இடையிலான பழைய பயம் பெருமளவு தீர்ந்துவிட்டது எனலாம்.

வண்டிக்கும் மனிதருக்கும் இடையிலான பயம் தீரவில்லை. கால் நூற்றாண்டு வண்டியே பார்க்காமல் வளர்ந்த ஒரு தலைமுறையின் நடுவே பாதை மீண்டும் போடப்பட்டது. வடக்கின் கடவைகளில் நடந்த மரணங்களைப் பத்திரிகைகளில் வாசித்துக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் 'கவனயீனம்' என்ற ஒரு சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்லில் திருப்தியில்லை. மருமகன் வரைந்த படத்தை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

முழுமையான கடவையில், வண்டி நெருங்குவதை உணரி தெரிவிக்கிறது. தடைக்கோலுக்குக் கட்டளை போகிறது. கோல் உண்மையாகவே தாழ்ந்துவிட்டது என்ற பதில் திரும்புகிறது. அதன் பிறகே வண்டிக்குப் பச்சை விழும். பதில் வராவிட்டால் சாரதிக்குச் சிவப்பு. இது ரப்லெற்றின் நேர் வாரிசு. மணியும் விளக்கும் மட்டும் உள்ள கடவை அப்படியன்று. அது வீதியில் போகிறவருக்குச் சொல்கிறது. அவர் கேட்டாரா என்று திருப்பிக் கேட்பதில்லை. தண்டவாளத்தில் உழவு இயந்திரம் சிக்கி நின்றாலும் சாரதிக்குத் தெரியாது. வெளிச்செல்லும் சமிக்ஞை உண்டு. உள்வரும் சமிக்ஞை இல்லை. ஒன்றுமே இல்லாத கடவையில் இரண்டும் இல்லை.

பதில் வரும் அமைப்பையும் மனிதன் மீறுவான் என்பது உண்மையே. 1981 ஜூலையில் ஜப்பானின் அகாஷி நகரிலுள்ள கவசாகி ஆலையில் கெஞ்சி உராடா என்ற தொழிலாளி றோபோவால் நசுக்கப்பட்டு இறந்தார். வேலிக் கதவைத் திறந்திருந்தால் றோபோ தானாகவே நின்றிருக்கும். அவர் கதவைத் திறக்கவில்லை. வேலியைத் தாண்டிக் குதித்தார். தாழ்ந்த தடைக்கோலின் கீழே சைக்கிளைச் சரித்துக்கொண்டு நுழையும் எங்கள் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் அவருடைய பெயர் நினைவுக்கு வருகிறது.

இலங்கைப் புகையிரத வரலாற்றின் மிகப்பெரிய துயரமும் ஒரு பதிலில்லாத அழைப்பைக் கொண்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி, கடல் பொங்குகிறது என்ற தகவல் அறிந்து, தென்கரையில் போய்க்கொண்டிருந்த மாத்தறை வண்டியை நிறுத்த அதிகாரிகள் அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கிருந்தவர்கள் அதே வண்டியின் வேலையாக மேடையில் நின்றதால் எடுப்பதற்கு எவரும் இருக்கவில்லை. எடுத்தபோது வண்டி போய்விட்டது. பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்று முப்பது வருடங்களுக்கு முன் தோர்ப்பில் தந்தியடித்தவர்களின் நிலைமையும் ஏறத்தாழ இதுதான்.

வடக்கு, கிழக்கின் காப்பற்ற கடவைகள் பலவற்றில் காவலாளர்கள் பணிக்கு அமர்த்தப்பட்டார்கள். குறைந்த கொடுப்பனவில், நிரந்தர நியமனமின்றி, காவல்துறையின் கீழ் வேலைசெய்த இவர்கள் பல தடவைகள் போராட்டம் நடத்தியதை நாம் அறிவோம். பெட்டிக்குள் இருக்கவேண்டிய பூட்டைத் திரும்பவும் மனிதரின் கண்ணிலும் காதிலும் வைத்துவிட்டு, அவருக்கு ஒழுங்கான சம்பளமும் கொடுக்காமல் விடுவது என்ன நியாயம் என்று கேட்டால், பணம் இல்லை என்கிறார்கள்.

மருமகன் திரும்பிப் போன மறுவாரம் தென்மராட்சிப் பக்கம் போயிருந்தேன். சிறு வீதியொன்றின் கடவையில் தகரக் கொட்டில் ஒன்று. பிளாஸ்ரிக் கதிரையில் ஒருவர், மடியில் சிவப்புக் கொடி. முப்பது வயதிருக்கும். வண்டி வருவது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அங்காலைக் கடவையிலை நிக்கிற அண்ணை போன் அடிப்பார் ஐயா. வண்டி அங்கை தாண்டினவுடனை."

"நீர் எடுக்காட்டில்?"

"எடுக்குமட்டும் அடிச்சுக்கொண்டே இருப்பார். நானும் எடுத்து 'சரி அண்ணை, கயிறு கட்டியாச்சு' எண்டு சொன்னாத்தான் வைப்பார்."

அப்படிச் செய்யும்படி யார் சொல்லித் தந்தது என்று விசாரித்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லையாம். தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டார்களாம். தொலைபேசிக்குக் காசும் அவர்களுடையதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே அது ஒலித்தது. அவர் எழுந்து வீதியின் இருபுறமும் கயிற்றைக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் தொலைபேசியைக் காதில் வைத்தார்.